ஓய்வுநாள் சனியா, ஞாயிறா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன். கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர், சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர். அவர்களுக்கு ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும், அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் மேசையை ஒழித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் பிறந்ததிலிருந்து ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவன். ஒருநாள் கேட்டே விட்டேன்: "காலண்டரைப் பாருங்கண்ணே. திங்கள்ல தொடங்கி ஞாயித்துக்கிழமைதானே ஏழாவதா வருது?"

அவர் கோபப்படவில்லை. லூக்கா 23-இன் கடைசி வசனத்திலும் 24-இன் முதல் வசனத்திலும் விரலை வைத்து வாசிக்கச் சொன்னார். பெண்கள் ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள். வாரத்தின் முதலாம் நாள் அதிகாலையில் கல்லறைக்கு வந்தார்கள். "ஈஸ்டரை ஞாயித்துக்கிழமைதானே கொண்டாடுறீங்க? அதுக்கு முந்தின நாள் எது தம்பி?" எனக்குப் பேச்சு வரவில்லை.

சரி, 1582-இல் காலண்டரை மாற்றினார்களே, அப்போது கிழமை குழம்பியிருக்குமோ என்று தேடினேன். அதுவும் இல்லை. அக்டோபர் 4 வியாழன். மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. தேதிதான் தாவியது, கிழமை வரிசை அறுபடவில்லை. கிரேக்கத்திலும் போர்த்துகீசியத்திலும் திங்கட்கிழமைக்குப் பெயரே 'இரண்டாவது' என்ற பொருளில்தான் இருக்கிறது. அரபியில் சனிக்கிழமைக்கு இன்றும் 'ஸப்த்', அதாவது ஓய்வுநாளைக் குறிக்கும் 'சபத்' என்ற அதே சொல்.

ஆகவே ஓய்வுநாள் சனிதான் என்று இப்போது தயங்காமல் சொல்வேன். ஆனால் ஞாயிறு ஆராதனையை விடவில்லை. துரோவா பட்டணத்தில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியது வாரத்தின் முதல் நாளில் (அப்போஸ்தலர் 20:7). அது உயிர்த்தெழுதலின் நாள், கர்த்தருடைய நாள். அதையும் ஓய்வுநாளையும் ஒன்றாகப் போட்டு இத்தனை வருடம் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

*

மேலே எழுதிய சகோதரருக்கு: நான் சனிக்கிழமை ஆசரிக்கிறவள். எங்கள் பக்கத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "ஞாயிறு ஆராதனை கான்ஸ்டன்டைன் கொண்டுவந்தது" என்று கண்ட இடத்திலெல்லாம் வாதாடியிருக்கிறேன். ஞாயிறு சபை நடத்தும் வயதான போதகர் ஒருவர்தான் பொறுமையாகத் திருத்தினார். ரோமப் பேரரசரான கான்ஸ்டன்டைனின் ஆணை கி.பி. 321-இல் வந்தது. நகரத்தில் நீதிமன்றமும் பட்டறையும் மூடச் சொன்னது, உழவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அதற்கு நூற்றைம்பது வருடத்துக்கும் முன்பே, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடியதை இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டர் எழுதிவைத்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த வாதத்தை எடுப்பதில்லை. சனிக்கிழமையை ஆசரிக்க, ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையே எனக்குப் போதும்.

*

நான் கப்பலில் வேலை பார்த்தவன். பசிபிக் கடலில் உள்ள தொங்கா தீவில் இறங்கியபோது, அங்குள்ள அட்வென்டிஸ்டுகள் ஞாயிற்றுக்கிழமை கூடுவதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஆலய வாசலில் நின்ற பெரியவரிடம் காரணம் கேட்டேன். கையில் இருந்த தாளில் ஒரு நேர்கோடு போட்டார். அதுதான் 180 பாகை தீர்க்கரேகை. அதற்குக் கிழக்கே ஒரு புள்ளி வைத்தார், அது தொங்கா. பிறகு, தாண்டினால் ஒரு நாள் மாறிவிடும் தேதிக்கோட்டை வளைத்து வரைந்து, புள்ளியையும் தாண்டிக் கிழக்கே கொண்டுபோனார். நேர்கோட்டை வைத்துக் கணக்குப் பார்த்தால், தீவில் ஞாயிறு என்று சொல்லப்படும் நாள் உண்மையில் சனி. தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். அப்புறம் என் கையைப் பிடித்து ஓய்வுநாள் வாழ்த்துச் சொல்லி உள்ளே அழைத்துப் போனார்.