செம்மண்ணில் பயிற்சி, சிந்தெடிக்கில் போட்டி: வேகமும் சோர்வும் ஏன் மாறுது?

கேள்வி: பள்ளித்தடகளம்
பிள்ளைகள் பழகுவது செம்மண் மைதானத்தில். 30 மீட்டரை ஆறு தடவை (6×30), இடையில் 30 நொடி ஓய்வு. செம்மண்ணில் சிறந்த நேரம் 4.60 நொடி, ஆறும் சேர்த்து மொத்தம் 28.43. சிந்தெடிக்கில் (செயற்கை ரப்பர் டிராக்) சிறந்தது 4.40, மொத்தம் 27.72. கணக்குப் போட்டால் சோர்வு செம்மண்ணில் 3%, சிந்தெடிக்கில் 5%. மறுநாள் கெண்டைக்கால் வலியும் சிந்தெடிக்கில் ஓடினால்தான் வருகிறது. அப்படியானால் செம்மண்தான் நல்லதா? கடற்கரை மணலில் ஓடவிடலாமா?

பதில்: முப்பதுமீட்டர்
சார், அந்த 3%-ஐ நம்பாதீங்க. மொத்த நேரத்தை, சிறந்த நேரம் × 6-ஆல் வகுத்துத்தானே அது வருகிறது? சறுக்கும் மண்ணில் முதல் ஓட்டத்திலேயே முழு வேகம் வராது. உச்சம் தாழ்ந்தால் சரிவும் சிறிதாகத்தான் தெரியும். ஒரே தரையில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

முதல் 10 மீட்டர் நேரத்தையும் தனியாகக் குறியுங்கள். உடம்பு முன்சாய்ந்து பின்னோக்கி உதைப்பது அங்கேதான். மேல்மண் பொடியாக இருந்தால் உதையில் ஒரு பங்கு மண்ணைத் தள்ளுவதிலேயே போய்விடும். ஸ்டாப்வாட்சில் 0.2 நொடி கைப்பிசகாகவே வரலாம். போன் வீடியோவில் ஃப்ரேம் எண்ணுங்கள். 60 ஃப்ரேம் பதிவில் ஒன்றுக்கு 0.017 நொடி.

பதில்: குதிநாண்
வலிக்குக் காரணம் தரையின் விறைப்பு. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி சிந்தெடிக் டிராக் 0.6 முதல் 2.5 மி.மீ. வரைதான் அமுங்கலாம். பாதம் சட்டென்று மீள்கிறது, வேகம் கிடைக்கிறது. ஆனால் கெண்டைத்தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் குறைந்த நேரத்தில் அதிக இழுவிசையைத் தாங்க வேண்டும். போட்டிக்கு 4 வாரம் முன்பே வாரம் ஒருநாள் சிந்தெடிக்கில் ஓடவிடுங்கள். முதல் நாள் ஷூவில் 4×30 போதும், அடுத்த வாரம் ஸ்பைக்ஸ் (ஆணி ஷூ). முதல் தடவையே ஸ்பைக்ஸ் மாட்டி முழு வேகம் வேண்டவே வேண்டாம்.

காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். அதிர்ச்சி குறைவு, மூச்சு வாங்கும், ஆனால் பாதம் மண்ணில் தங்கும் நேரம் நீளும். தாக்குப்பிடிக்கும் திறனை வளர்க்கவும் சீசன் தொடக்கத்துக்கும் நல்லது. போட்டிக்கு முந்தைய 2 வாரம் மணலே வேண்டாம்.

பதில்: முப்பதுமீட்டர்
செம்மண்ணையே திருத்தலாம் சார். முந்தின மாலை தண்ணீர் தெளித்து, ஈரம் இறங்கியதும் ரோலர் உருட்டுங்கள். சேறாக இருக்கும்போது உருட்டினால் மண் ரோலரில் ஒட்டிப் பெயர்ந்து குழியாகும். காலையில் கட்டை விரலால் அழுத்தினால் தடம் மட்டும் விழணும், விரல் உள்ளே போகக் கூடாது.