ஆர்தர் லோவின் மேடைக் காலம்: தகவல் தந்து உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆங்கில நடிகர் ஆர்தர் லோ பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தொலைக்காட்சிப் பகுதி ஓரளவு முடிந்துவிட்டது. 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் ஸ்விண்ட்லி வேடம், அப்புறம் 1968 முதல் 1977 வரை 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரில் போர்க்கால ஊர்க்காவல் படைக்குத் தலைமை தாங்கும் வங்கி மேலாளர் கேப்டன் மேனரிங். தொப்பி சரிந்து, மூக்குக்கண்ணாடி கோணிக்கொண்டு நிற்கும்போதும் அந்த வங்கி மேலாளரின் மிடுக்கு குறையாது. வசனமே இல்லாமல் முகத்தை வைத்தே சிரிக்க வைப்பார். எனக்கு அவர்மேல் தீராத மரியாதை.

அந்த நிதானம் மேடையில் வந்ததுதான் என்று உறுதியாக நம்புகிறேன். போர் முடிந்த 1945-இல், முப்பது வயதில், மான்செஸ்டர் ரெப்பர்ட்டரியில் (அடுத்தடுத்து வெவ்வேறு நாடகங்களைப் போடும் நிரந்தர நாடகக் குழு) தொழில்முறை நடிகரானார். 1964-இல் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் ஜான் ஆஸ்பர்னின் நாடகத்தில் நடித்தார். 1982 ஏப்ரலில் அவர் மயங்கி விழுந்ததும் பர்மிங்ஹாம் அலெக்ஸாண்ட்ரா தியேட்டரின் ஒப்பனை அறையில்தான். அப்போது அங்கே அவர் நடித்துவந்த நாடகத்தில் மனைவி ஜோன் கூப்பரும் நடித்துக்கொண்டிருந்தார்.

1945-க்கும் 1960-க்கும் இடைப்பட்ட மேடை வாழ்க்கைதான் எனக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. மான்செஸ்டர், லண்டன் பக்கம் இருப்பவர்கள் யாராவது நூலகத்தில் அந்தக் கால நாடகக் கையேடுகளையோ, செய்தித்தாள் விமர்சனங்களையோ பார்த்துச் சொல்ல முடியுமா? படம் எடுக்க அனுமதி இல்லையென்றால் நாடகத்தின் பெயர், அவர் ஏற்ற வேடம், தேதி மூன்றையும் குறித்து அனுப்பினாலே போதும். வெளிநாட்டில் இருப்பவர்கள் நகல் கேட்டு எழுதினால் எந்த நூலகம் அனுப்பிவைக்கும் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள். நகல் எடுக்கும் செலவை நானே தந்துவிடுகிறேன்.