கஸானாவின் கணக்கை யாரிடம் கேட்பது?

செந்தூல்காரன்
பழைய விஷயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம், எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஃபேஷன்வேலெட் என்ற இணையத் துணிக்கடையில் 2018ல் மலேசிய அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான கஸானா 27 மில்லியன் வெள்ளியும் (ரிங்கிட்), இன்னொரு அரசாங்க முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. 20 மில்லியன் வெள்ளியும் போட்டன. 2023ல் அந்தப் பங்குகளை வெறும் 3.1 மில்லியனுக்கு விற்றுவிட்டு வெளியே வந்துவிட்டன. நமக்கு எப்போது தெரிந்தது? 2024 கடைசியில், நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்கு நிதியமைச்சு எழுத்துமூலம் பதில் தந்தபோதுதான். யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். அரசாங்க முதலீட்டு நிறுவனம் எதுவாக இருந்தாலும், எதை என்ன விலைக்கு வாங்கியது, என்ன விலைக்கு விற்றது என்ற பட்டியலை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அதைச் சட்டமாகவே போட வேண்டும்.

கணக்காளர்78
அண்ணே, 43.9 மில்லியன் நஷ்டம் சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கஸானாவின் சொத்து நூறு பில்லியன் வெள்ளிக்கு மேல். டெனாகா மின்சாரம், சிஐஎம்பி வங்கி, டெலிகோம், ஐஎச்எச் மருத்துவமனைகள் என்று எவ்வளவோ இருக்கிறது. புதுக் கம்பெனிகளில் பணம் போட்டால் சிலது முழுகத்தான் செய்யும். ஒவ்வொரு விற்பனையையும் நாடாளுமன்றத்தில் வைத்துக் கூச்சல் போட்டால் அங்கே வேலை செய்கிறவர்கள் பயந்துபோய் வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். அதைவிட மோசம், அரசியல்வாதிகள் "என் தொகுதியில் போடு" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

மலேசியா ஏர்லைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2014ல் இரண்டு விமானங்களை இழந்த பிறகு கஸானா அதை முழுசாக வாங்கி 6 பில்லியன் வெள்ளித் திட்டம் போட்டது. 2018ல் கஸானாவுக்கே 6 பில்லியனுக்கு மேல் நஷ்டம், அதில் பெரிய பங்கு விமானத்தால் வந்தது. அன்றைக்கு எல்லாரும் "விற்றுத் தொலை" என்றார்கள். பொறுத்தார்கள், 2023ல் 766 மில்லியன் லாபம் வந்தது.

பாயான்பாரு வாசகி
லாபத்தை மட்டும் சொல்கிறீர்களே சார், 2021ல் கடன் சீரமைப்பின்போது கஸானா இன்னும் 3.6 பில்லியன் வரை தருவதாகச் சொன்னதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2014 திட்டத்தில் சுமார் 6,000 பேருக்கு வேலை போனது. அந்தக் குடும்பங்களுக்குப் 'பொறுமை' என்றால் என்ன அர்த்தம்?

பினாங்குக்காரர்களுக்குக் கஸானா தூரத்து விஷயமில்லை. பாலத்தைத் தாண்டும்போது கொடுக்கிற டோல் பிளஸ் நெடுஞ்சாலை நிறுவனத்துக்குப் போகிறது. 2011லிருந்து பிளஸில் 51 விழுக்காடு கஸானாவின் துணை நிறுவனமான யுஇஎம் கையில், 49 விழுக்காடு தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப் கையில். 2020ல் கட்டணத்தை 18 விழுக்காடு குறைத்தார்கள், சந்தோஷம், ஆனால் கூடவே ஒப்பந்தத்தை 2058 வரை நீட்டினார்கள். என் பிள்ளைகள் ஓய்வுபெறும் வயதுவரை டோல் கட்டுவார்கள். அந்த முடிவின் கணக்கை என்னிடம் யாராவது விளக்கினார்களா?

கணக்காளர்78
டோல் நீட்டிப்பு அமைச்சரவை முடிவு, அதைக் கஸானா தலையில் கட்டாதீர்கள். பிளஸில் பாதி நம் இபிஎஃப் பணம் என்பதையும் மறக்க வேண்டாம், டோலை எடுத்துவிட்டால் அடி விழுவது நம் சேமிப்பிலும்தான்.

பட்டியல் போட்டால் திருட்டு நின்றுவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. பெரிய ஊழலில் சிக்கிய அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் கணக்கில் கேபிஎம்ஜி, டிலோய்ட் என்று உலகப் பெரிய தணிக்கை நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன. என்ன ஆனது?

பட்டர்வொர்த் தம்பி
நம் இந்தியச் சமூகத்தின் முதலீட்டு நிறுவனமான மைக்காவைப் பற்றி யாரும் பேசவில்லையே!

செந்தூல்காரன்
தம்பி சரியான இடத்தைத் தொட்டார். 1980களில் நம் சமூகத்தில் 60,000க்கும் மேற்பட்டவர்கள், அதில் பெரும்பாலும் தோட்டத்து ஜனங்கள், மைக்காவில் 106 மில்லியன் வெள்ளி போட்டார்கள். 2010ல் ஒரு பங்குக்கு 80 சென் என்று வாங்கிக்கொண்டு கதையை முடித்தார்கள். கால் நூற்றாண்டு வங்கியில் கிடந்திருந்தாலே எவ்வளவோ ஆகியிருக்கும். மைக்கா அரசாங்க நிறுவனம் இல்லை என்று கணக்காளர் சொல்வார், தெரியும். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். மைக்காவில் பங்கு வைத்திருந்தவருக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து "என் பணம் எங்கே" என்று கேட்க உரிமை இருந்தது. கஸானாவில் அந்த உரிமைகூட நமக்கு இல்லை. ஒரே ஒரு பங்கைத் தவிர மற்ற எல்லாம் நிதியமைச்சர் கூட்டுநிறுவனத்தின் பெயரில். வாரியத் தலைவர் பிரதமர். இப்போது பிரதமரே நிதியமைச்சரும்கூட. சொந்தக்காரரும் அவர், தலைவரும் அவர், யார் யாரைக் கேள்வி கேட்பது?

1எம்டிபியிலும் இதே அமைப்புதான். பிரதமர், நிதியமைச்சர், ஆலோசனை வாரியத் தலைவர் மூன்றும் ஒரே ஆள். தணிக்கை நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன என்கிறீர்கள், சரி, தலைமைக் கணக்காய்வாளர் எழுதிய அறிக்கையை 2016ல் அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தின்கீழ் பூட்டிவைத்தார்களே, அது ஏன்? 2018ல் ஆட்சி மாறிய பிறகுதான் வெளியே வந்தது. முன்பே மக்கள் படித்திருந்தால் இரண்டு ஆண்டாவது மிச்சமாகியிருக்கும்.

பாயான்பாரு வாசகி
நார்வே அரசு நிதி தன் கையில் இருக்கிற எல்லாக் கம்பெனிப் பங்குகளையும் வலைத்தளத்தில் போடுகிறது. 2022ல் 1.6 டிரில்லியன் குரோனருக்கு மேல் நஷ்டம், அதையும் அவர்களே அறிவித்தார்கள். யாரும் பயந்து நிரந்தர வைப்புக்கு ஓடவில்லை.

கணக்காளர்78
நார்வே நிதி தன் சொந்த நாட்டில் ஒரு கம்பெனியில்கூடப் போடாது அம்மா, வெளிநாட்டில் மட்டும்தான், அதுவும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. கஸானாவின் வேலை வேறு. இங்கே தொழில் வளர்க்க வேண்டும், விமானத்தைத் தூக்கிநிறுத்த வேண்டும். வாங்கப்போகும் விலையை வெளியே சொன்னால் எதிர்த்தரப்பு அங்கேயே விலையை ஏற்றிவிடும். மேலும் 2024ல் தணிக்கைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், அரசாங்க உத்தரவாதம் பெற்ற கம்பெனிகளையும் தலைமைக் கணக்காய்வாளர் பார்க்கலாம். முதலில் அதை ஒழுங்காக நடக்கவிடுங்கள்.

செந்தூல்காரன்
வாங்கப்போகிற விலையை நான் கேட்கவே இல்லை. மேலே மறுபடி படியுங்கள். விற்று முடித்த பங்கு, கையைவிட்டுப் போய்விட்டது, அதன் கணக்கை மறைப்பதால் எந்தப் பேரத்தில் நமக்கு என்ன லாபம்? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

கணக்காளர்78
ஒரு பங்கை நஷ்டத்துக்கு விற்றோம் என்று உடனே அறிவித்தால், அடுத்துக் கையிலிருப்பதையும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து வெளியிடட்டும், நான் எதிர்க்க மாட்டேன்.

செந்தூல்காரன்
ஓராண்டு. அதற்கு மேல் ஒருநாள்கூட வேண்டாம். வாங்கியவர் யார் என்ற பெயரும் அதில் இருக்க வேண்டும்.