பாலத்தைக் காப்பதும் போக்குவரத்துப் பாதுகாப்புதான்

அன்புள்ள சங்க உறவுகளுக்கு,

வணக்கம். போக்குவரத்துப் பாதுகாப்பு என்றதும் விமான நிலையச் சோதனையும் கண்காணிப்புக் கேமராக்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை தேவையானவையே. ஆனால் நாம் ஏறிச் செல்லும் பாலம் தாங்குமா என்பதும் பாதுகாப்பைச் சேர்ந்த கேள்விதான். பராமரிப்புக்கான நிதியை அரசுகள் கடைசி வரிசையில் நிறுத்துவது எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது.

அமெரிக்காவில் ஓகையோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று, மாலை நேர நெரிசலில் வாகனங்களோடு ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தனர். பாலத்தைத் தாங்கிய சங்கிலியின் ஒரு கண்ணியில் இருந்த சில மில்லிமீட்டர் விரிசலே காரணம். ஒரு கண்ணிக்கு இரண்டே இரும்புப் பட்டைகள் இருந்ததால், ஒன்று அறுந்ததும் மற்றொன்றால் பாரத்தைத் தாங்க இயலவில்லை. அதன் பிறகுதான் அந்நாட்டில் பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வு செய்யும் தேசிய விதிமுறை வந்தது.

ஆய்வு மட்டும் போதாது என்பதற்கு இத்தாலியின் ஜெனோவா நகரே சாட்சி. அங்கே 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 உயிர்களைப் பறித்த மொராண்டி பாலத்தில், எஃகு இழுவைக் கம்பிகள் கான்கிரீட்டுக்குள் மூடப்பட்டிருந்தன. உள்ளே துரு அரிப்பதை வெளியிலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. அத்தகைய பாலத்தைக் கருவிகள் கொண்டு சோதிக்கவும் பழுதுபார்க்கவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். திறப்பு விழாவும் கல்வெட்டும் இல்லாத அந்தச் செலவுக்குத்தான் கை வர மறுக்கிறது.

பணம் வரும் வழியும் வற்றுகிறது. அமெரிக்காவில் சாலை, பாலச் செலவுக்கான நெடுஞ்சாலை நிதிக்குச் செல்லும் பெட்ரோல் மீதான மத்திய வரி 1993 முதல் ஒரு காலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. வாகனங்களோ குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடுகின்றன. ஆகவே 2008 முதல் பொது வருவாயிலிருந்து எடுத்து நெடுஞ்சாலை நிதியை நிரப்ப வேண்டியதாயிற்று.

பாரம் ஏற்றும் லாரிகளையும் இங்கே சொல்ல வேண்டும். அச்சின் பாரம் இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. எடைமேடையில் நேர்மையாக எடை பார்ப்பதைவிடச் சிக்கனமான சாலைப் பாதுகாப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அமெரிக்காவில் பாலங்களின் நிலையை 0 முதல் 9 வரை மதிப்பிட்டு, அந்த விவரத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். நீங்கள் வாழும் நாட்டிலும் அத்தகைய ஆய்வறிக்கை வெளியிடப்படுகிறதா, பராமரிப்புக்கெனத் தனி நிதி ஒதுக்கப்படுகிறதா என்று உங்கள் மக்கள் பிரதிநிதியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வரும் பதில்களை இக்குழுவில் பகிர்ந்துகொள்ளுமாறு வேண்டுகிறேன்.