கிண்ணியாவில் மீன், மூதூரில் மீன் இல்லை: 360 கிணறு போதுமா?

கிணற்றடி:
வணக்கம், திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது எங்கள் வளவில் மட்டும் மூன்று பேர் வார்டில் கிடந்தார்கள். அப்போதிருந்தே இந்தக் கேள்வி மனதில் நிற்கிறது: வீட்டுக் கிணற்றில் மீன் விட்டால் குடம்பி குறையுமா? நுளம்பு வேலி பார்த்துப் பறக்காது. பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒப்பிட முடியாது. அதனால் கிண்ணியாவில் 180 கிணற்றில் மீன், மூதூரில் 180 கிணறு அப்படியே. கடைசியில் கை ஸ்குவேர் (chi-square, வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளிவிவரச் சோதனை) போட்டால் சரிதானே?

உப்புவெளி அக்கா:
தம்பி, வேலி விஷயம் சரி. ஆனால் உங்களிடம் இருப்பது 360 கிணறு இல்லை, இரண்டே இரண்டு ஊர். மூதூரில் அந்த மாதம் பெரிய சிரமதானம் நடந்தால் என்ன செய்வீர்கள்? நானும் கை கழுவும் பழக்கத்தைப் பார்க்க இரண்டு பாடசாலை மட்டும் எடுத்தேன். பாடம் நடத்திய பாடசாலைக்கு இடையில் புது அதிபர் வந்து, குழாயடியில் சவர்க்காரம் கட்டித் தொங்கவிட்டார். பிள்ளைகள் மாறியது என் பாடத்தாலா, அவராலா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வருட உழைப்பு அது.

கிராம சேவகர் பிரிவுகளாக எடுங்கள். இரண்டு ஊரிலும் ஆறாறு பிரிவு. ஒவ்வொரு ஊரிலும் மூன்றுக்குச் சீட்டுக் குலுக்கி மீன். அப்புறம் ஒவ்வொரு பிரிவிலும் குடம்பி உள்ள கிணறு எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, மீன் விட்ட ஆறு பிரிவை விடாத ஆறோடு ஒப்பிடுங்கள்.

கிணற்றடி:
நன்றி அக்கா. 12 பிரிவு, பிரிவுக்கு 30 கிணறு. இப்போது 360தானே?

கொட்டியாரக் கரை:
இல்லை. ஒரே பிரிவுக் கிணறுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையின் அளவை ஐசிசி (ICC) என்பார்கள். அது 0.05 என்று வைத்தால், பிரிவுக்கு 30 கிணற்றில் ஒன்றைக் கழித்து, 1 + 29 × 0.05 = 2.45. 360ஐ இதால் வகுத்தால் சுமார் 147 கிணற்றின் பலம்தான். அதே 360ஐ 24 பிரிவில், பிரிவுக்கு 15 கிணறாகப் பார்த்தால் 1 + 14 × 0.05 = 1.7ஆல் வகுக்க வேண்டும், சுமார் 212. 12 பிரிவில் ஒரு கிணறு விடாமல் பார்த்தாலும் பலம் 240ஐ (12 ÷ 0.05) தாண்டாது. பிரிவைக் கூட்டுங்கள்.

கிணற்றுப் பட்டியலைக் குலுக்கலுக்கு முன்பே எழுதி முடியுங்கள். பிறகு எழுதினால் மீனுக்கு ஆசைப்படும் வீடுகள்தான் சேரும்.

உப்புவெளி அக்கா:
இன்னொன்று தம்பி, கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கு மீன் தெரிந்துவிடும். தண்ணீரைப் போத்தலில் எடுத்து, இலக்கம் மட்டும் ஒட்டி, வேறொருவரிடம் குடம்பியை எண்ணக் கொடுங்கள்.