நாத்திகர்கள் ஏன் எப்போதும் கிறிஸ்தவத்தையே விமர்சிக்கிறார்கள்? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கேள்விக்காரி:

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி தினமும் பைபிள் வாசிப்பவள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இது எங்கள் நட்புக்கு ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. போன வாரம் அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"உங்க ஆளுங்க வீடியோ நிறைய பார்த்துட்டேன்டி. டாக்கின்ஸ், ஹிட்சன்ஸ் எல்லாரையும். எதை எடுத்தாலும் ஆதாம் ஏவாள், நோவா பேழை, கன்னி மரியாள். உலகத்துல வேற மதமே இல்லையா? நாங்க திருப்பி அடிக்க மாட்டோம்ங்கிற தைரியமா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டாக்கின்ஸ் போன்ற ஆங்கில நாத்திகப் பேச்சாளர்கள் பேசுவது கிறிஸ்தவம் ஆட்சியோடு சேர்ந்து இருந்த நாடுகளிலிருந்து. 1697-ல் எடின்பரோவில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவனைத் தெய்வநிந்தனை என்று சொல்லித் தூக்கில் போட்டார்கள். நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880-ல் பிரிட்டனில் தேர்தலில் ஜெயித்தும், கடவுள் பெயரில் உறுதிமொழி எடுக்கும் விவகாரத்தில் 1886 வரை நாடாளுமன்றத்தில் முறையாக உட்கார முடியவில்லை. இங்கிலாந்தில் தெய்வநிந்தனைச் சட்டம் 2008-ல்தான் ஒழிந்தது. அதுவரை அந்தச் சட்டம் காத்தது கிறிஸ்தவத்தை மட்டும். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இன்றைக்கும் 26 பிஷப்புகளுக்கு இடம் உண்டு. அந்த நாட்டில் பிறந்த நாத்திகர் முதலில் எதைப் பற்றிப் பேசுவார்?

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அது அவங்க ஊர்க் கதை. அதையே நீ ஏன் ஷேர் பண்ற?" என்றாள்.

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை விடவில்லை. உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா? நீங்கள் யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா? நம்புகிறவர்களும் எழுதலாம், தயவுசெய்து எழுதுங்கள்.

ஞாயிறுபள்ளி:

நான் சபையிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா சபை மூப்பர். நான் கிறிஸ்தவத்தை விமர்சிப்பதற்கு முதல் காரணம், எனக்கு அதுதான் தெரியும். மற்ற மதங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது செய்தித்தாள் அளவுதான். அந்த அறிவை வைத்துக்கொண்டு பேச எனக்குக் கூச்சமாக இருக்கும்.

வாலிபர் கூட்டத்தில் ஒருநாள் இரண்டாம் இராஜாக்கள் இரண்டாம் அதிகாரம் வாசித்தோம். எலிசாவைப் பார்த்துப் பிள்ளைகள் "மொட்டைத்தலையா, ஏறிப்போ" என்று கேலி செய்கிறார்கள். அவர் சபிக்கிறார். காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து நாற்பத்திரண்டு பிள்ளைகளைப் பீறிப்போடுகின்றன. நான் கையைத் தூக்கி, "இது நியாயமா பாஸ்டர்?" என்றேன். அவர் கோபப்படவில்லை. அவர்கள் சின்னப் பிள்ளைகள் அல்ல, தீர்க்கதரிசியை மிரட்ட வந்த முரட்டுக் கூட்டம் என்று ஒரு விளக்கவுரையை எடுத்து வாசித்துக் காட்டினார். எனக்கு அது போதவில்லை. அடுத்த வாரம் இன்னொரு புத்தகத்தோடு வந்தார். கேள்வி கேட்டதற்காக அந்த அறையில் யாரும் என்னைத் தொட்டதில்லை, வீட்டைவிட்டுத் துரத்தியதும் இல்லை. அம்மா அழுதார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. கிறிஸ்தவம் தன்னையே ஒரு சம்பவத்தின் மேல் நிறுத்திக்கொண்ட மதம். "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று பவுலே எழுதிவிட்டார், முதலாம் கொரிந்தியர் 15:14. நடந்ததா இல்லையா என்று கேட்கும்படியே அது தன்னை வைத்திருக்கிறது. அதனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் கருவிகளும் பெரும்பாலும் அதன் உள்ளேயே உருவாயின. ஜெர்மனியில் ரைமாரஸ் என்ற பேராசிரியர் பைபிளைக் கேள்வி கேட்டு ரகசியமாக எழுதிவைத்ததை அவர் காலத்துக்குப் பிறகு எழுத்தாளர் லெஸ்ஸிங் 1770-களில் வெளியிட்டார். இறையியல் படித்த டேவிட் ஸ்ட்ராஸ் 1835-ல் சுவிசேஷங்களிலுள்ள அற்புதங்களைப் புராண மரபாக விளக்கி எழுதினார். நான்கு வருடம் கழித்து சூரிக் பல்கலைக்கழகம் அவருக்கு வேலை கொடுத்தபோது ஊரே கொந்தளித்தது, வேலைக்குச் சேர விடவில்லை. இன்று நாத்திகர்கள் பைபிளைப் பற்றி எடுத்து வைக்கும் வாதங்களில் பெரும்பகுதி பைபிள் கல்லூரிகளின் அலமாரியிலிருந்து வந்தவை. இத்தனை ஆழமாகத் தோண்டி, அச்சிட்டு, ஆங்கிலத்தில் தயாராகக் கிடக்கும் விமர்சனம் இன்னொரு மதத்துக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கையில் கிடைப்பதைத்தான் எல்லாரும் எடுப்பார்கள்.

அமெரிக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1925-ல் டென்னஸியில் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு. 2005-ல் பென்சில்வேனியாவின் டோவரில் அதே சண்டை வேறு உருவத்தில் மறுபடியும் நீதிமன்றம் போனது. பள்ளிக்கூடப் பாடத்தில் ஆதியாகமம் நுழையப் பார்க்கும் நாட்டில் ஆதியாகமத்தைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்.

பெயரிலி:

என்னைப் பற்றிய விவரம் எதுவும் எழுத மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் குடும்பம் என்பது மட்டும் போதும்.

எங்கள் வீட்டில் நான் மதத்தைப் பற்றிப் பேசியதெல்லாம் பைபிளை வைத்துத்தான். மாமாவோடு உட்கார்ந்து, "உலகத்துல உள்ள அத்தனை உசுரும் ஒரே கப்பல்ல எப்படி மாமா ஏறும்? தீனி எங்க வச்சாங்க? வெள்ளம் வடிஞ்ச பிறகு எதைத் தின்னாங்க?" என்று கேட்பேன். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். "அவங்க வேதத்துல மனுசன் கை வச்சுட்டான் தம்பி, அதான் இப்படிக் கோளாறு" என்பார். எனக்கு அந்த உரையாடல் மூச்சு விடுவதற்கு ஒரு ஜன்னல் போல இருந்தது. ஒருநாள் என் தங்கை தட்டில் கை வைத்தபடியே, "நூஹ் நபி கப்பலும் அப்படித்தானே மாமா?" என்றாள். நோவாவைத்தான் நாங்கள் நூஹ் நபி என்போம், அந்தக் கதை குர்ஆனிலும் உண்டு. மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் பைபிளைப் பற்றிக்கூடப் பேசியதில்லை.

ஆக, நான் கிறிஸ்தவத்தை விமர்சித்த நாளெல்லாம் உண்மையில் வேறொன்றைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இது புதிதும் இல்லை. பிரான்சில் எழுத்தாளர் வால்டேர் 1741-ல் நபிகளைப் பற்றி ஒரு நாடகம் போட்டார். மறு வருடம் பாரீஸில் மூன்று காட்சிகளோடு அது நின்றுபோனது, ஏனென்றால் அது தங்களைத்தான் குத்துகிறது என்று அங்கிருந்த கத்தோலிக்கப் பக்தர்களுக்குப் புரிந்துவிட்டது. அங்கே இஸ்லாம் திரை, இலக்கு சபை. என் வீட்டில் அது தலைகீழ்.

சகோதரி, உங்கள் தோழி கேட்ட "திருப்பி அடிக்க மாட்டோம்ங்கிற தைரியமா" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் நாத்திகர்கள் இஸ்லாமைப் பேசுவதே இல்லை என்பது சரியில்லை. அமெரிக்க நாத்திக எழுத்தாளர் சாம் ஹாரிஸ் 2004-ல் எழுதிய முதல் புத்தகமே செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு தொடங்கியதுதான், அதில் இஸ்லாம் மீதான விமர்சனம் தாராளமாக இருக்கிறது. 2007-ல் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் முன்னாள் முஸ்லிம்கள் முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி அமைப்பு தொடங்கினார்கள். பேசியவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரியில் டாக்காவில் புத்தகக் கண்காட்சியிலிருந்து மனைவியோடு திரும்பிய நாத்திக எழுத்தாளர் அவிஜித் ராயை வெட்டிக் கொன்றார்கள். சவூதியில் வலைப்பதிவர் ராயிஃப் பதாவிக்குப் பத்து வருடச் சிறையும் ஆயிரம் கசையடியும் விதித்தார்கள், ஐம்பது அடி பொது இடத்தில் கொடுத்தார்கள். 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகரான ஃபாரூக் கொல்லப்பட்டார். இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு ஒருவர் வாயை மூடினால் அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

விசுவாசி:

நம்புகிறவர்களும் எழுதலாம் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கும் பகுதியில் கிறிஸ்தவர்கள் சொற்பம். ஆராதனை நடப்பது ஒரு வாடகைக் கட்டடத்தில். பிரபுக்கள் சபை பிஷப்பெல்லாம் எங்களுக்குச் செய்தி. எங்கள் போதகர் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லித்தான் ஜெபக்கூட்டமே நடத்துகிறார்.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ஒரு வீடியோ போட்டார். வெளிநாட்டு நாத்திகப் பேச்சாளர் ஒருவர் கன்னி கருத்தரித்ததைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். போட்டவர் நாத்திகர் இல்லை, தன் மதத்தில் ஆழ்ந்த பக்தர். அவர் மரபிலும் அதிசயப் பிறப்புகள் ஏராளம். அவரிடம் அதைச் சொல்ல என் மகன் தட்டச்சு செய்தான், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பதில் போட்டால் நாளைக்குக் குடியிருப்பில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். லண்டனில் பலமான சபையை நோக்கிச் சொன்ன அதே வாக்கியம் இங்கே வந்து சேரும்போது பலவீனமானவன் தலையில் விழுகிறது.

நேருக்கு நேர் கேட்கிற நாத்திகர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927-ல் தான் ஏன் கிறிஸ்தவன் இல்லை என்று பேசினார். அவர் தன் நாட்டு மதத்திடம், தன் நாட்டு மக்கள் முன்னால் பேசினார். அதற்கு விலையும் கொடுத்தார், 1940-ல் நியூயார்க்கில் கிடைத்த வேலையை நீதிமன்றமே பறித்தது. அந்தப் பேச்சை வாசித்திருக்கிறேன். பல இடங்களில் மனசு வலித்தது, ஆனாலும் மரியாதை வந்தது. ஷேர் செய்கிறவர்கள் ஒன்றே ஒன்று யோசித்தால் போதும்: இதை அடுத்து யார் கையில் எடுப்பார்கள்?

லௌகிகன்:

விசுவாசி ஐயா, நீங்கள் எழுதியதை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

நான் இந்துக் குடும்பம். கல்லூரிக் காலத்தில் ஆங்கில விவாதங்களைப் பார்த்துவிட்டு அதே வாதங்களைத் தாத்தாவிடம் கொண்டுபோனேன். உலகத்தைப் படைத்தவரை யார் படைத்தார், அன்பான கடவுள் நித்திய நரகத்தை ஏன் வைத்தார், நல்லவனுக்கு ஏன் துன்பம் என்று வரிசையாகக் கேட்டேன். தாத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "படைச்சவன்னு ஒருத்தன் இருக்கான்னு நான் எப்படா சொன்னேன்? நரகம்னா போயிட்டு வர்ற இடம்தானே? துன்பம் போன ஜென்மத்துக் கணக்கு" என்றார். என் கேள்வி எதுவும் அவர் பக்கத்தில்கூடப் போகவில்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு. பிறப்பிலேயே ஒருவனை எட்டி நிற்கச் சொல்வதற்குப் போன ஜென்மம் எப்படி நியாயமாகும் என்று கேட்டேன், பிறகுதான் அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

இந்த வேலையை இங்கே யாரும் செய்யாமல் இல்லை. 1880-களிலேயே நாத்திகக் கருத்துகளைப் பரப்பிய சென்னை லௌகிக சங்கத்தார் பிராட்லா வழியைப் பின்பற்றி 'தத்துவ விவேசினி' இதழை நடத்தினார்கள். வெளிநாட்டு வாதங்களை மொழிபெயர்த்ததோடு நிற்காமல் இந்து மத ஆசாரங்களையும் சாதியையும் கேள்வி கேட்டார்கள். பெரியார் 1953-ல் பிள்ளையார் சிலையை உடைத்தார், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மராட்டியத்தில் நரேந்திர தபோல்கர் வாழ்நாளெல்லாம் சாமியார்களின் ஏமாற்று வேலையை எதிர்த்தார், 2013 ஆகஸ்டில் புனேயில் சுட்டுக் கொன்றார்கள். கர்நாடகத்தில் கன்னட அறிஞர் கல்புர்கியை 2015-ல் வீட்டு வாசலில் வைத்து.

எனவே "நாத்திகர்கள் கிறிஸ்தவத்தையே குறிவைக்கிறார்கள்" என்பது ஆங்கிலத்தில் மட்டும் பார்ப்பவருக்குத் தெரியும் காட்சி என்றே நான் நினைக்கிறேன். மராத்தியில் தேடினால் இலக்கு வேறு, வங்காளத்தில் வேறு, பாரசீகத்தில் வேறு. உலகம் முழுக்கப் பரவும் மொழி ஆங்கிலம், அதில் பேசுகிற நாத்திகர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து வந்தவர்கள். தபோல்கர் பேச்சுக்கு டாக்கின்ஸ் பேச்சுக்குக் கிடைக்கும் பார்வையாளர்கள் கிடையாது. நம் பிள்ளைகளும் அதைத்தான் பார்க்கிறார்கள், பார்த்ததைத்தான் பரப்புகிறார்கள்.

கேள்விக்காரி:

பெயரிலி தம்பி, பத்திரமாக இருங்கள். விசுவாசி ஐயா எழுதியதை என் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். அவர்கள் வீட்டுக் குழுவிலும் அச்சு அசலாக இப்படியே ஒன்று நடந்ததாம், அதை அவள் என்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஞாயிறுபள்ளி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதையெல்லாம் வாசித்த பிறகும் நீங்கள் கிறிஸ்தவத்தை விமர்சிப்பீர்களா?

ஞாயிறுபள்ளி:

கட்டாயம் விமர்சிப்பேன். ஆனால் நான் விமர்சிப்பது பெரும்பாலும் எங்கள் சபைக்குள்ளே, அந்த மனிதர்களிடமே. நோவா பேழை மிதந்ததா என்பதைவிட எனக்கு அவசரமான விஷயங்கள் அங்கே இருக்கின்றன.

சமீபத்தில் நடந்தது இது. சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த அத்தை ஒருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். மேடையில் சாட்சியும் சொல்லியிருக்கிறார், அதனால் திரும்ப மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று அவருக்குப் பயம். காலில் புண் ஆறாமல் இருந்தது. நான் போய்ச் சொன்னால் கேட்க மாட்டார், நான் நம்பிக்கையில்லாதவன் என்று சபைக்கே தெரியும். கரடிகளைப் பற்றி என்னோடு வாதாடிய அதே போதகரிடம் போனேன். வெளியூர்க் கூட்டக்காரர்களை எதிர்த்துப் பேச அவருக்கும் தயக்கம்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

இரண்டு பேருமாகப் போனோம். அவர் ஜெபம் செய்தார், நான் சும்மா நின்றேன். பிறகு, "லூக்காவே வைத்தியர்தானே அத்தை" என்று ஆரம்பித்து மெல்ல மெல்லப் பேசினார். சாட்சி சொன்னதைக் கர்த்தர் கணக்குப் பார்க்க மாட்டார் என்று அவர் சொன்ன பிறகுதான் அத்தை அலமாரியைத் திறந்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் மருத்துவரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று போதகர் அறிவித்தார். அந்தச் சுகமளிக்கும் கூட்டக்காரர்களை மறுபடி அழைக்க வேண்டுமா என்று மூப்பர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா அழைக்க வேண்டும் என்கிற பக்கம். நாங்கள் இருவரும் வீட்டில் தினமும் அதைப் பேசுகிறோம்.