விளையாடும் பிள்ளைகளுக்கு மனநல சிகிச்சை: பெங்களூரில் எங்கள் வீடுகளில் நடந்தது

எங்கள் வீடு அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில். ஃபுட்பால் வீரர் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிற ஏரியா என்று சொன்னால் பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும். பாதி வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஸ்டட்ஸ் (ஃபுட்பால் ஷூ) காய்ந்துகொண்டிருக்கும். என் தம்பி 21 வயதில் ஃபுட்பால் சூப்பர் டிவிஷனில் விங்கில் ஆடிக்கொண்டிருந்தபோது, அசோக் நகர் ஸ்டேடியத்தில் ஒரு மேட்ச், யாரும் இடிக்கக்கூட இல்லை, திரும்பினான், முட்டி பிசகி ஏசிஎல் (முட்டி எலும்புகளைப் பிடித்து வைக்கிற நார்) கிழிந்துவிட்டது. ஆபரேஷன், பிசியோ என்று ஒன்பது மாதம் போனது. அந்த ஒன்பது மாதமும் வீட்டில் எல்லோருக்கும் கணக்கு மனப்பாடம்: கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, தொடை எவ்வளவு தேறியிருக்கிறது, எப்போது ஜாகிங். கடைசியில் டாக்டர் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். அவன்தான் கிரவுண்டுக்குப் போகவில்லை.

முதலில் சோம்பல் என்று நினைத்தோம். அப்புறம் பார்த்தால் ராத்திரி மூன்று மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறான், பகலில் பன்னிரண்டு வரை படுக்கை. நண்பர்கள் வந்து கூப்பிட்டால் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்வான். அம்மா கண்ணு பட்டுவிட்டது என்று சுத்திப் போட்டார். கோச் நல்ல மனுஷன், அவரும் "தைரியமா இருடா, மைண்ட் ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்றார். அவன் தலையாட்டினான், அவ்வளவுதான். முட்டிக்கு யாரும் தைரியமாக இரு என்று சொல்லவில்லையே, ஸ்கேன் எடுத்தோம், தையல் போட்டோம், தினமும் பயிற்சி கொடுத்தோம். இது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனது, அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஒரு நாள் சாப்பாடு போடும்போது "அக்கா, காலையில எழுந்திருக்காமலே இருந்துட்டா நல்லா இருக்கும்" என்றான். சாதாரணமாகச் சொன்னான். நான் நேராகவே கேட்டேன்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறீர்கள், அப்படி வராது, தயவுசெய்து கேளுங்கள். "அப்பப்போ" என்றான். அன்று ராத்திரியே 14416க்கு அழைத்தேன். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசினார்கள். அவனைத் தனியாக விடாதீர்கள், காலையில் கூட்டிப் போங்கள் என்றார்கள்.

நிமான்ஸ் (இங்கே இருக்கிற பெரிய அரசு மனநல மருத்துவமனை) போகலாம் என்றதும் வீட்டில் பெரிய ரகளை. இந்த ஊரில் அந்தப் பெயரைத் திட்டுகிற வார்த்தையாகத்தானே வைத்திருக்கிறோம். அப்பா "பையனுக்கு முத்திரை குத்திடுவாங்க" என்றார். நான் கேட்கவில்லை. ஓசூர் ரோடு ஓபிடியில் காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். போன இரண்டு வாரத்தில் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். தூக்கம், பசி, கவனம் எல்லாம் இருந்தது, ஒன்பதாவது கேள்வி நான் சாப்பாட்டு வேளையில் கேட்ட அதே கேள்வி. அந்தத் தாளைப் பார்த்ததும் "இதெல்லாம் மத்தவங்களுக்கும் வருமாக்கா?" என்றான். கிரிக்கெட் வீரர் ராபின் உத்தப்பா 2009 முதல் 2011 வரை தற்கொலை எண்ணத்தோடு போராடியதாக 2020இல் சொன்னதை அவனுக்கு போனில் எடுத்துக் காட்டினேன். இதே ஊரில் ஆடியவர், இந்தியாவுக்கே ஆடியவர். ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை எழுதினார். தம்பியின் முதல் கேள்வி: டோப் டெஸ்டில் (ஊக்கமருந்து சோதனையில்) மாட்டுமா? மாட்டாது. மனச்சோர்வுக்குப் பொதுவாகக் கொடுக்கிற இந்த வகை மாத்திரைகள் வாடா என்கிற உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் இல்லை. வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். கூடவே வாரம் ஒரு முறை சைக்காலஜிஸ்ட். முதல் வாரம் அவர் கொடுத்த வேலை, கிரவுண்டுக்குப் போய்க் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும், பந்தைத் தொடக்கூடாது. அடுத்த வாரம் ஷூ போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கடுத்த வாரம் யாராவது ஒருவரோடு பாஸ் மட்டும். பிசியோ மாதிரியே இருக்கு அக்கா என்றான். அன்றுதான் பல மாதம் கழித்து ஸ்டட்ஸை எடுத்துத் துடைத்தான்.

*

அக்கா, டோப் பற்றி நீங்கள் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். என் மகள் பிஸ்டல் ஷூட்டிங். போட்டி நெருங்கினால் கை நடுக்கம், வாந்தி. பக்கத்து கிளினிக்கில் படபடப்புக்கு என்று ப்ரொப்ரனலால் கொடுத்தார்கள், நாங்களும் வாங்கிவிட்டோம். நல்லவேளை அவளுடைய கோச் அட்டையைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டார். அது பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து, ஷூட்டிங்கிலும் வில்வித்தையிலும் போட்டி நாள் மட்டுமில்லை, எல்லா நாளும் தடை. உங்கள் தம்பி ஃபுட்பாலில் அதே மாத்திரைக்குத் தடை கிடையாது. அதனால் என்ன விளையாட்டு என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஏடிஹெச்டிக்கு (கவனம் நிற்காத பிரச்சினை) கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட்டும் போட்டியின்போது தடைதான், தேவைப்பட்டால் முன்கூட்டியே டியூஇ (மருத்துவத் தேவைக்கான விலக்கு) அனுமதி வாங்க வேண்டும். மகளுக்கு இப்போது மாத்திரை இல்லை, சைக்காலஜிஸ்ட் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியும், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குகிற சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையும்தான். நடுக்கம் முழுசாகப் போகவில்லை, ஆனால் வாந்தி நின்றுவிட்டது.

*

நான் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர், ஸ்ரீராம்புரம். என் தப்பை எழுதுகிறேன். 1500 மீட்டர் ஓடுகிற ஒரு பெண்ணிடம் "இன்னும் ரெண்டு கிலோ குறைந்தால் டைமிங் குறையும்மா" என்று சொன்னேன். குறைந்தாள், டைமிங்கும் குறைந்தது, நான் சந்தோஷப்பட்டேன். அவள் மதியச் சாப்பாட்டைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. மாதவிடாய் நின்று பல மாதம் ஆகியிருந்ததும் தெரியாது, ஆண் மாஸ்டரிடம் எந்தப் பிள்ளை சொல்லும்? கடைசியில் கணுக்கால் பக்கம் எலும்பில் கீறல் விழுந்து எக்ஸ்ரேயில் தெரிந்தபோதுதான் டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். உடம்பு செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு இல்லையென்றால் ஹார்மோன், எலும்பு, மனசு எல்லாமே ஒன்றாக அடிவாங்கும், இதற்கு ரெட்-எஸ் என்று 2014இல் ஒலிம்பிக் கமிட்டியே பெயர் வைத்திருக்கிறது. அவளுக்கு டயட்டீஷியன், மனநல டாக்டர், மகப்பேறு டாக்டர் மூன்று பேரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். அதற்கப்புறம் எந்தப் பிள்ளையிடமும் எடை பற்றி நான் வாய் திறந்ததில்லை. அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன்.

*

மாஸ்டர் சார், நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. தம்பிக்குப் படித்துக் காட்டினேன்.

கிளப்புக்குச் சொன்னீர்களா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம், அவன் சம்மதம் இல்லாமல் டாக்டர் கோச்சிடம் சொல்ல முடியாது. நாங்கள் முதலில் "மருத்துவக் காரணம்" என்று மட்டும் சொன்னோம். நான்காவது மாதம் அவனே கோச்சிடம் போய்ச் சொன்னான். கோச் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அண்ணனுக்கும் இப்படி இருந்தது, அப்போது தெரியாமல் போய்விட்டது என்றாராம்.

போன ஞாயிறு சப்ஸ்டிட்யூட்டாக இறக்கி 20 நிமிஷம் ஆடவிட்டார்கள். ஒரு கிராஸ் கோல்போஸ்டுக்கு மேலே போய் விழுந்தது. வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு பத்தரைக்குத் தூங்கிவிட்டான். மாத்திரை தொடர்கிறது, அடுத்த ஓபிடியில் டோஸைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.